ஈயப் படையின் மேளக்காரன்

தெருவில் எல்லோரும் அவரைத் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். நாய் குரைத்தால் எதிர்ச்சாரிக்குத் தாவிவிடுகிற மனுஷன், இடி இடித்தால் கட்டிலின் நட்டநடுவில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிற மனுஷன், லிஃப்டுக்குப் பயந்து எத்தனை மாடியானாலும் மூச்சு வாங்கப் படியேறுகிற மனுஷன், அவருக்குப் போய்த் தளபதி என்று பெயர் வைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனாலும் அந்தப் பெயரில் பாதி நிஜம். அவரிடம் ஒரு படை இருந்தது. பின்கட்டு அறையில், சுவரோடு அடித்த பலகைகளில், சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். துப்பாக்கிக்காரர்கள், குதிரைக்காரர்கள், கொடி பிடிக்கிறவன், மேளம் அடிக்கிறவன். எல்லாம் அவர் கையால் வார்த்தது.

பயம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. அப்பா வழியில் அப்படி யாரும் கிடையாது. பெரிய அத்தை ஒருத்தி பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தவள். அம்மா வழிச் சொத்துதான் இது. தாய்மாமன் ஒருவர் மகளுடைய பிரசவத்துக்குப் போனார். ஊசியைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தார். பிள்ளை பெற்றவள் எழுந்து உட்கார்ந்து அப்பன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அந்த மாமனின் மூக்கும் தளபதிக்கு, அந்த மாமனின் நெஞ்சும் தளபதிக்கு.

வேலை டயர் கடையில். கார் சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் சின்னச் சின்ன வெயிட்டுக் கட்டிகளை அடிப்பார்கள் இல்லையா, அந்த வேலை. பழைய கட்டிகளைக் கழற்றி ஒரு வாளியில் போடுவார்கள். அதில் பாதி ஈயம், மீதி துத்தநாகமும் இரும்பும். பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஈயத்தை மட்டும் தனியாகப் பொறுக்குவதற்குத் தளபதி ஒரு வழி வைத்திருந்தார். கட்டியை வாயில் வைத்துக் கடைவாய்ப் பல்லால் ஒரு கடி. பல் தடம் பதிந்தால் ஈயம். பல் கூசினால் மற்றது. இப்படிக் கடித்துக் கடித்தே ஒரு டின் நிறையச் சேர்த்துவிடுவார். முதலாளிக்கும் தெரியும். "எடுத்துட்டுப் போய்யா, குப்பைதானே" என்பார்.

சிப்பாய் ஆசையை மூட்டிவிட்டவர் தெருமுனையில் முடி வெட்டுகிறவர். கடைக்கு மேல்மாடியில் ஒரு பெரிய மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, பொம்மைப் படைகளை நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். ஓய்வுநாள் மத்தியானம் முழுக்க அதே வேலைதான். தளபதி ஒருநாள் முடி வெட்டப் போனவர், மேலே ஏறிப் பார்த்து, அப்படியே சொக்கிப் போய்விட்டார். நிஜ வாழ்க்கையில் எதைக் கண்டாலும் ஓடுகிறவர், அந்த மேசைக்கு முன்னால் நின்றால் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "குதிரைப்படை முன்னேறட்டும்" என்பார். கடையில் விற்கிற பொம்மைகளை வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் வகைக்கு ஒன்றாக இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் அச்சு எடுத்தார்.

அச்சு எடுப்பதையும் சொல்லிவிட வேண்டும். களிமண்ணைப் பலகையில் அப்பி, பொம்மையைப் பாதி உடம்பு வரைக்கும் அதில் அழுத்துவார். பிறகு இரண்டு பாதியும் பிசகாமல் பொருந்துவதற்காக நான்கு மூலையிலும் கோலிக்குண்டை அமுக்கிப் பள்ளம் செய்வார். சுற்றிலும் அட்டை வேலி. அதற்குள் பிளாஸ்டர் மாவைத் தயிர்ப் பதத்தில் கரைத்து ஊற்றுவார். இறுகினதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை உரித்துவிட்டு, ஒட்டாமல் இருக்க மேலே சோப்புத் தண்ணீர் தடவி மறுபாதியை ஊற்றுவார். இரண்டையும் பிரித்துப் பொம்மையை எடுத்தால் உள்ளே சிப்பாய் அளவுக்கு ஒரு வெற்றிடம். ஈயம் இறங்க ஒரு வாய்க்கால், காற்று வெளியேற மயிர்க்கோடு மாதிரி இரண்டு கீறல். பிறகு வெயிலில் நாள்கணக்கில் காய வேண்டும். ஈரம் துளி மிச்சம் இருந்தாலும் உருகின ஈயம் சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

அந்தச் சீற்றத்துக்கு அவர் பயந்த பயம் இருக்கிறதே! கொல்லையில் அடுப்பை மூட்டும்போது ஹெல்மெட், மழைக்கோட்டு, முழங்கை வரை உறை. வீட்டிலேயே துணி தைக்கிற அவர் பெண்டாட்டி மிஷினில் இருந்து எட்டிப் பார்த்து, "நிலாவுக்கா போறீங்க? திரும்பி வரும்போது நூல்கண்டு வாங்கிட்டு வாங்க" என்பாள். ஈயம் விஷம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கும் பயந்தார். தனிச் சட்டி, தனிக் கரண்டி, திறந்த வெளி, சோப்புப் போட்டுக் கைகழுவல், எல்லாம் ஒழுங்கு. ஆனால் கடிக்கிற பல்லைப் பற்றி மட்டும் அவர் நினைத்ததே இல்லை. வார்த்த சிப்பாயின் ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்க்கும்போதுகூட, இரண்டு கையும் வேலையாக இருந்தால், அடுத்த சிப்பாய் உதட்டுக்கு நடுவில்தான் நிற்பான். தையல்காரி ஊசியைக் கவ்வுகிற மாதிரி ஒரு பழக்கம். அதில் என்ன பயம்?

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். தம்பி மனைவி துணிக்கடையில் பில் போடுகிறவள். கண்டிப்பானவள், வாய் துடுக்கு, ஆனால் மனசு கெட்டது இல்லை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். தம்பியின் மகள் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத குட்டி. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது. அதனால் வாலு. பெற்றவள் மடியைவிடப் பெரியப்பா மடியில் இருந்த நேரம்தான் அதிகம். தளபதியின் பயம் எல்லாம் சேர்ந்து கடைசியில் இந்தக் குழந்தை தலையில் வந்து இறங்கியது. வாலு தும்மினால் அவருக்குக் காய்ச்சல். ஆரஞ்சுக் கொட்டையை முழுங்கினதற்குத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். ஊஞ்சலில் இருந்து புல்லில் விழுந்ததற்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நின்றார். அப்போதே தம்பி மனைவி சொல்லிவிட்டாள்: "அத்தான், இனிமே என்னைக் கேக்காம இவளைத் தூக்கிட்டு ஓடினீங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ஒரு விடுமுறைநாள் காலை. வாலு முந்தின ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் பாலைக் குடித்து அப்படியே கக்கிவிட்டது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருந்தது. அம்மாக்காரி வெந்நீர் கொடுத்து, "கண்டதைத் தின்னிருப்பா, தூங்கினா சரியாயிடும்" என்றாள். தளபதி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். யாரும் திட்டும் முன்னால் தானே விலகிப் பின்கட்டு அறைக்குப் போனார். மனசைத் திருப்ப, அன்றைய சண்டைக்குப் படையை எடுத்து வைக்கலாம் என்று.

பலகையில் மேளக்காரன் கொஞ்சம் சாய்ந்து நின்றான்.

எடுத்துப் பார்த்தார். இடுப்பில் மேளம் இல்லை. இரண்டு கையும் குச்சியைத் தூக்கினபடி வெறும் காற்றில் நிற்கிறது. முந்தின நாள் முழுசாக இருந்தவன். விழுந்து உடைந்தானோ என்று ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினார். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில், தொடையில், சின்னஞ்சிறு பள்ளங்கள். அரிசி மணி அளவில். பக்கத்துப் பக்கத்தில் நாலு.

பல் தடம். அவருக்குத் தெரியாத தடமா அது? வாழ்நாளெல்லாம் பார்த்த தடம். அளவுதான் வேறு.

காதுக்குள் கொய்யென்று சத்தம் வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டார். சிப்பாய்கள் கலகலவென்று சாய்ந்தார்கள். தரையில் மண்டியிட்டு மேளத்தைத் தேடினார். பலகைக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், பாய்க்குக் கீழே. அவரை மாதிரி இருட்டு மூலைக்குப் பயந்தவர் வெறுங்கையை விட்டுத் துழாவினார். ஒரு கரப்பான் கைமேல் ஏறிப் போனது. அதுகூடத் தெரியவில்லை. மேளம் எங்கேயும் இல்லை.

கூடத்துக்கு வந்து குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், அது கிழிந்த தகரம் மாதிரி வந்தது.

"வாலு, மேளக்காரனை நீ எடுத்தியாடா கண்ணு?"

"ம்."

"என்ன பண்ணினே?"

"பெரியப்பா மாதிரி கடிச்சுப் பாத்தேன்." வலியிலும் குழந்தைக்கு ஒரு பெருமை. "மெத்துனு இருந்துச்சு. நல்ல ஈயம் பெரியப்பா."

"மேளம் எங்கே?"

வாலு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியது.

தளபதி துள்ளி எழுந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மேளத்தை முழுங்கிட்டா. ஈய மேளம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போன மாசம் ஆரஞ்சுக் கொட்டை, இந்த மாசம் மேளமா? அடுத்த மாசம் நாதஸ்வரமா?"

"இல்லம்மா, இது..."

"குழந்தைங்க பட்டன் முழுங்கும், காசு முழுங்கும். நான் சின்ன வயசுல சட்டை ஊக்கே முழுங்கியிருக்கேன். அது பாட்டுக்கு வெளியே வந்துடும். நீங்க பயந்து அவளையும் பயமுறுத்தாதீங்க."

பெண்டாட்டியும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "பாருங்க, மறுபடி ஆரம்பிக்காதீங்க. சண்டையாயிடும்."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கை முழுக்கப் புலி வருது, புலி வருது என்று கத்தினவர். இப்போது நிஜமாகவே வந்திருக்கிறது, நம்ப ஒரு ஆள் இல்லை. தம்பி ஊரில் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினால் குழந்தையை இனிமேல் கண்ணில் காட்டமாட்டாள். ஓடாவிட்டால்? அதை நினைக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

கையில் இருந்த மேளக்காரனைத் தம்பி மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். "பல் தடம் பாரும்மா. உன் மகள் பல்லு. அவ வயித்துக்குள்ளே இருக்கிறது பட்டன் இல்ல, விஷம். உள்ளே இருக்க இருக்கக் கரைஞ்சு ரத்தத்துல கலக்கும். நான் பயந்தவன்தான். ஊருக்கே தெரியும். இன்னைக்கு ஒருநாள் நீயும் என்கூடப் பயப்படு. நாளைக்கு எங்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போ, நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவள் அந்தச் சின்னப் பள்ளங்களை விரலால் தடவினாள். மடித்துக்கொண்டிருந்த துணி மடியில் இருந்து சரிந்தது, எடுக்கவில்லை.

"வண்டி கூப்பிடுங்க" என்றாள். பெண்டாட்டியும் கூடவே கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் தளபதியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினாள். "வாங்க சார், இன்னைக்கு என்ன கொட்டை?" தம்பி மனைவி குறுக்கே விழுந்து, "என் மகள் ஈயம் முழுங்கிட்டா" என்றாள். சிரிப்பு நின்றது. உள்ளே இருந்த டாக்டரம்மா மேளக்காரனை வாங்கித் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். "எப்ப முழுங்கினா? நேத்து சாயங்காலமா? மேலே போய் உடனே எக்ஸ்ரே எடுங்க. இந்தச் சீட்டைக் காட்டினா காத்திருக்க விடமாட்டாங்க."

எக்ஸ்ரே எடுக்கிற இடம் மேல்மாடியில். குழந்தையை வைத்த தள்ளுவண்டியை லிஃப்டுக்குள் தள்ளினார்கள். வாலு பெரியப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது, விடவில்லை. தளபதி வாசலில் காலை ஊன்றி நின்றார். அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் முதுகில் வேர்வை ஊற்றியது. கதவு மூடப் பார்த்தது. "உள்ளே வாங்க, இல்லைன்னா சட்டையை விடச் சொல்லுங்க" என்றான் தள்ளுகிறவன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்தார். பெட்டி குலுங்கியது. பல் கிட்டித்துப் போய், வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்ணைத் திற பெரியப்பா" என்றது வாலு, சோர்ந்த குரலில். "ஒண்ணும் இல்ல."

படம் வந்தது. கறுப்புத் தாளில் விலா எலும்புகள் மீன் முள் மாதிரி. கீழே, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, பாலைவிட வெளுப்பாக ஒரு பொட்டு. வட்டமாக, ஓரத்தில் ஒரு மூக்கு நீட்டினபடி. டாக்டரம்மா பேனாவால் தொட்டுக் காட்டினார். தளபதிக்குக் காட்ட வேண்டியதே இல்லை. அந்த மூக்கு, மேளத்தின் வார் இடுப்போடு சேருகிற இடம். அதை அவரே அச்சில் கொஞ்சம் ஆழமாகக் கீறியிருந்தார், ஈயம் நன்றாக இறங்கட்டும் என்று. அவர் செதுக்கின வடிவம் குழந்தையின் உடம்புக்குள் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரிங்க பெரியவரே. இது இரைப்பையைத் தாண்டிக் குடலுக்கு வந்துடுச்சு. இரைப்பையிலேயே நின்னிருந்தா அங்கே இருக்கிற அமிலம் கரைச்சிருக்கும், குழாய் விட்டு எடுக்க வேண்டி வந்திருக்கும். இப்போ வயித்தைக் கழுவி வெளியே தள்ள மருந்து தர்றோம். ரத்தமும் எடுக்கிறோம். இங்கேயே இருங்க."

"வரலைன்னா?" என்றாள் தம்பி மனைவி.

"வரும்னுதான் பாக்கிறோம். வரலைன்னா வேற வழி பண்ணுவோம்."

அந்த "வேற வழி" மூன்று பெரியவர்களின் நெஞ்சிலும் கல்லாக உட்கார்ந்தது.

பிறகு காத்திருப்பு. அதை எப்படிச் சொல்வது! ஒரு வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரு நீலப் பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அதைச் சாமி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருந்துத் தண்ணீர் டம்ளர் டம்ளராக உள்ளே போனது. வாலு அழுதது, உமிழ்ந்தது, மறுபடி குடித்தது. ஒவ்வொரு தடவையும் தளபதிதான் கையுறை மாட்டித் தொட்டியைத் துழாவினார். பக்கத்துக் கட்டில் கிழவர், "என்னய்யா தேடுற, வைரமா?" என்றார். "அதுக்கும் மேல" என்றார் தளபதி. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு தடவையும் இல்லை. இல்லை. இல்லை. தம்பி மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

மறுநாள் வெயில் ஏறின பிறகு, தொட்டியின் அடியில் டக் என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் கேட்டது. தளபதி எடுத்தார், குழாயடியில் கழுவினார், டாக்டரம்மாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். கறுத்துப் போன மேளம். மேளக்காரனின் இடுப்போடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. ஆனால் பளபளவென்று இருந்த விளிம்பு இப்போது சொரசொரப்பாக, எதுவோ அரித்த மாதிரி இருந்தது.

"கொஞ்சம் குறையுது டாக்டர்."

"குறைஞ்சது ரத்தத்துல இருக்கு. வழக்கத்தைவிடக் கூடுதல்தான், ஆனா மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்ல. சில வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். இறங்கணும்." அவர் தளபதியின் கையைப் பார்த்தார். "உங்க கை எவ்வளவு நாளா இப்படி ஆடுது?"

"பொறந்ததில இருந்தே" என்றாள் பெண்டாட்டி.

"நீங்களும் ரத்தம் கொடுங்க."

அவர் ரத்தத்தில் ஈயக் கணக்கு குழந்தையுடையதைவிடப் பல மடங்கு மேலே இருந்தது. கடித்த கடியெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கை நடுக்கத்தில் எவ்வளவு தாய்மாமன் கொடுத்தது, எவ்வளவு ஈயம் கொடுத்தது என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அது பெரிதாகப் படவும் இல்லை. அந்தச் சில வாரமும் அவர் வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் மறந்தால் பயம், ஒரு தடவை தடுக்கினால் பயம். ஈயம் மூளையைத் தாக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். "அ சொல்லு, ஆ சொல்லு" என்று காலையும் மாலையும் கேட்டுக் குழந்தையைப் பாடாய்ப் படுத்தினார். கடைசியில் வாலுவே, "பெரியப்பா, உனக்கு இன்னும் அ வரலையா?" என்று கேட்டது.

இரண்டாவது சோதனையில் இறங்கியிருந்தது. முழுசாக இல்லை. இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அன்றைக்குத்தான் தம்பி மனைவி அவரோடு பேசினாள். "அம்மா வீட்டுக்குப் போகலை அத்தான். ஆனா அந்த அறைவாசலை இவ தாண்டக் கூடாது." "சரிம்மா" என்றார். அதற்கு முன்னாலேயே அவர் உடைந்த மேளக்காரனைத் தவிரப் படை முழுவதையும் டின்னில் மூடி, டயர் கடைக்கே கொண்டுபோய்ப் பழைய வெயிட்டோடு சேர்த்துவிட்டார். அறையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத் தரையில் சாயமே போய்விட்டது.

முடி வெட்டுகிறவர், "படை இல்லாத தளபதியா?" என்று சீண்டினார். கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு வேறு வழி கண்டுபிடித்தார். குளியலறை இடுக்கை அடைக்கிற சிலிக்கோன் பசையில் சோளமாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இறுகும். அதில் அச்சு. ஈயத்துக்குப் பதிலாக உள்ளே பிளாஸ்டர். சிப்பாய்கள் வெள்ளை வெளேரென்று வருவார்கள், கழுத்து சுலபமாக ஒடியும், துப்பாக்கி நிற்கவே நிற்காது. "இது பேய்ப்படை" என்றார் முடி வெட்டுகிறவர். இருக்கட்டும்.

பழைய மேளக்காரனைத் தூக்கிப் போடும் முன்னால் அவனுக்கும் ஒரு அச்சு எடுத்திருந்தார். உடைந்த மேனிக்கே. அதில் வார்க்கிற மேளக்காரன் எல்லோரும் மேளம் இல்லாமல்தான் பிறப்பார்கள். வெறும் இடுப்பு, தூக்கின இரண்டு கை.

அந்தச் சிலிக்கோன் அச்சில் இருந்து முதல் மேளக்காரன் வந்தபோது வாலு அறைவாசலில் உட்கார்ந்திருந்தது. வாசலைத் தாண்டவில்லை.

"பெரியப்பா, அவனோட மேளம் எங்கே?"

"அவன் இனிமே வாசிக்க மாட்டான்."

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு, அதான்."

குழந்தை யோசித்தது. "இவனைக் கடிச்சுப் பாத்தியா?"

தளபதியின் கையில் அரம் இருந்தது, இன்னொரு கையில் சிப்பாய். அடுத்த சிப்பாயைக் கவ்வ உதடு தானாகத் திறந்திருந்தது. அவர் அதை மூடினார். கையில் இருந்தவனை மேசையில் வைத்துவிட்டு, அடுத்தவனைக் கையால் எடுத்தார்.